அவிசாவளை ரோட்டில் வாங்கிய பிரேக் சிலிண்டர்

வண்டிச் சாமான் வாங்குவது ஆம்பிளைகளின் வேலை என்று நினைப்பவர்கள் தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் பழைய காரில் எது உடைந்தாலும், எது தேய்ந்தாலும், பஸ் ஏறிப் போய்த் தேடிக்கொண்டு வந்தவள் நான்தான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை டைனமோ ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது செக்பாயிண்டில் இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பேரைப் பார்த்ததும், குண்டோ என்று அந்த இரும்புத் துண்டைத் தொடவே பயந்து தூரமாக வைக்கச் சொன்னார்களாம். காலையில் பிடித்தவரை பொழுது சாயும்போதுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சோறும் தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சொன்னேன், இனிமேல் இதற்கெல்லாம் நான் போகிறேன் என்று.

எனக்கு ஒரு வசதி இருந்தது. நான் பிறந்தது ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். சுற்றிலும் சிங்களக் கிராமம். நான் சிங்களம் பேசினால் சிங்கள ஆட்களுக்கே வித்தியாசம் தெரியாது. பாவாடையும் சட்டையும் போட்டுக்கொண்டு, இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் பொட்டை அழித்துவிட்டு, தாலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டால், எந்த ஆமிக்காரனும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான். பொட்டை அழிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும். புருஷன் உயிரோடு இருக்க நெற்றியைத் துடைக்கிறாளே என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று அக்கம்பக்கம் பார்த்துத்தான் துடைப்பேன். அதைக் கேட்கத் தெரிந்தவர்களும் அந்த ஸ்டாண்டில் நெற்றியைத் துடைத்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பென்ஷனில் போகும்போது விற்றுவிட்டுப் போன இங்கிலாந்துக் கார் அது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அது கிழம். பெல்மதுளைச் சந்தியில் அதை ஹயருக்கு நிறுத்திவைப்பார் இவர். மாணிக்கத்தில் காசு பார்த்தவர்கள் எல்லாம் ஜப்பான் வேன்களை இறக்கி ஓட்டிய காலம். வேனுக்குக் கொடுக்க முடியாதவர்கள் எங்கள் காருக்கு வருவார்கள். தோட்டத்து ஆட்கள், கிராமத்து ஏழைச் சிங்கள ஆட்கள், காய்ச்சல்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். அந்தக் கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது. மலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் பாதை இருக்கிறதே, அதில் ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் மாணிக்கம் தோண்டி மூடாமல் விட்ட குழிகளில் தண்ணீர் கட்டிக் கிடக்கும். அந்தப் பாதையில் பிரேக் இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

பெல்மதுளைக் கடைகளில் ஜப்பான் வண்டிச் சாமான்தான் கிடைக்கும். எங்கள் காரின் பேரைச் சொன்னாலே பையன்கள் சிரிப்பார்கள். கொழும்பில் புதுச் சாமான் கிடைக்கும், ஆனால் விலையைக் கேட்டால் நெஞ்சை அடைக்கும். அதனால் சின்னச் சின்ன வாஷர்களை எல்லாம் தோட்டத்து ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போட்டுக்கொள்வோம். பெரிய சாமான் என்றால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களைத் தேடிப் போக வேண்டும். அப்படித்தான் அவிசாவளை ரோட்டில் அந்த யார்டைக் கண்டுபிடித்தேன்.

முதலாளி குண்டான மனிதர். சாரமும் பனியனும், வாயில் எப்போதும் வெற்றிலை. கடை வாசலில் புத்தர் படத்துக்கு ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். என்னைக் கண்டதும், "மொனவத அக்கே ஓனே?" என்பார். என்ன வேண்டும் அக்கா என்று. நான் பையிலிருந்து உடைந்த சாமானை எடுத்துக் காட்டுவேன். அவர் குவியலுக்குள் கையை விட்டு அதே மாதிரி ஒன்றை இழுத்து எடுப்பார். பிறகு பேரம். இரண்டு பேரும் சிங்களத்தில் சண்டை போடுவோம், சிரிப்போம், நான் போகிறேன் என்று எழும்புவேன், அவர் கூப்பிடுவார். கார்புரேட்டர், ஹெட்லைட் வளையம், கதவுப் பிடி என்று எவ்வளவோ வாங்கினேன். விலை எப்போதும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போனது. மிதி உள்ளே போனால் திரும்பி வர மறுத்தது. இவர் வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். மறுநாளே நான் அவிசாவளைக்குப் போனேன்.

முதலாளியிடம் இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி, போடாத சாமான். அதன் விலையைக் கேட்டு நான் உதட்டைப் பிதுக்கினேன். மற்றது குவியலில் கிடந்தது. சுத்தமாகத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து கழற்றியது, ஒரு குறையும் இல்லை என்றார். அதைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, வழியில் எந்தச் செக்பாயிண்டிலும் மாட்டாமல், மரவள்ளிக் கிழங்குக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். கொழும்பில் கேட்ட விலையையும் நான் வாங்கிய விலையையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவர் அதைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார். வண்டி மறுபடியும் சந்திக்குப் போனது.

சில வாரம் கழித்து கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி உடைந்து, மழை உள்ளே அடிக்கத் தொடங்கியது. மறுபடியும் அவிசாவளைக்குப் போனேன். முதலாளி வழக்கம் போலச் சிரித்து வரவேற்றார். கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்தவர் முதலில் சிங்களத்தில்தான் ஹலோ சொன்னார். கேட்கக் கேட்க முகம் வெளுத்துப் போனது. போனைக் கையால் மூடிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தமிழில் கேட்டார்.

"எப்ப? ... வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா? ... அப்பா என்னையக் கேட்டாரா?"

நான் அப்படியே நின்றேன். இத்தனை காலமும் சிங்களத்தில் என்னோடு பேரம் பேசிய வாயிலிருந்து எங்கள் லயத்துத் தமிழ் வருகிறது. ஆனால் சாவுச் சேதி காதில் விழுந்தால் எங்களுக்கு யோசிக்கத் தெரியாது. கேட்டுவிட வேண்டும், அதுதான் பழக்கம். அவர் போனை வைப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"ஐயோ, அப்பாங்களா தவறிட்டாங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பேயைக் கண்டது போலப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பொத்தி என்ன செய்வது, சொல் வெளியே வந்துவிட்டதே.

"நீங்க... தமிழ் ஆளா?"

"ஆமாங்க. பெல்மதுளைப் பக்கம் தோட்டம்."

அவர் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். வெளியே வேலை செய்த ஆட்களுக்குக் கேட்டுவிடக் கூடாது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வேறொரு ஊரில் இருந்த அவருடைய கடை எரிந்து, இங்கே வந்து சிங்களப் பேரோடு இந்த யார்டைப் போட்டிருக்கிறார். வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது, பக்கத்துக் கடைக்கும் தெரியாது. மாவனல்லைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருந்த அப்பாவைப் பார்க்கப் போனால்கூட மாணிக்க வியாபாரம் என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம். இப்போது என்ன சொல்லிக் கடையைப் பூட்டுவது என்று என்னிடம் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாமாவுக்குச் சுகமில்லை என்று சொல்லுங்கள், அழுது முடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியது. இத்தனை நாளும் ஒரே மொழிக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது.

திடீரென்று அவர் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"அக்கா, அந்த சிலிண்டர்... வண்டியில பூட்டிட்டீங்களா?"

"அது எப்பவோ பூட்டியாச்சே."

"கழட்டச் சொல்லுங்க. இன்னைக்கே கழட்டச் சொல்லுங்க. அது உள்ளுக்கு அரிச்சுப் போனது. எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, மேல பெயின்ட் அடிச்சு வச்சிருந்தேன். சில நேரம் புடிக்கும், சில நேரம் மிதி அப்படியே உள்ளுக்குப் போயிரும்."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"நம்ம ஆளுன்னு தெரியாம போச்சுக்கா."

அவர் அதை மன்னிப்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. நான் சிங்களத்தியாக இருந்திருந்தால் அந்தச் சிலிண்டர் எனக்குப் போதும், அவ்வளவுதான். என் புருஷன் பள்ளத்தில் போனால் போகட்டும். என் உயிரைக் காப்பாற்ற நான் போட்ட வேஷம்தான் எனக்கு அந்த இரும்பை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

"அப்ப மத்த சனங்களுக்கு இப்படித்தான் குடுக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"என் கடைய எரிச்சவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா. வர்றவங்கள்ல எவன் அவன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் அவர்.

அப்பன் செத்த சேதி வந்து கால் மணி நேரம் ஆகாத மனிதரைத் திட்டுவதா, ஆறுதல் சொல்வதா? அறையலாம் என்று கை துறுதுறுத்தது. அந்தக் கையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய சிலிண்டரை எடுத்து என் பைக்குள் திணித்தார். நான் காசு கொடுத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. அவருடைய போனிலேயே பெல்மதுளைக்கு எடுக்கச் சொன்னேன். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பார்மசிக்காரர் எடுத்தார். வண்டி இல்லையே, எங்கள் வீட்டுக்குக் கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சிங்கள அக்காவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போக இப்போதுதான் மேலே போனார் என்றார்.

மேலே போனார் என்றால், இனி இறங்க வேண்டும்.

பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மடியில் பை, பைக்குள் நல்ல சிலிண்டர், அது யாருக்கும் பிரயோசனமில்லாமல் என் மடியில் கனத்தது. காலையில் எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் சந்திக்குப் போவார். ஒவ்வொரு காலையும் அதே இறக்கம். அதை நினைத்ததும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தேன். குருவிட்டைக்குக் கிட்ட ரோட்டோரம் கூட்டம் கூடி நின்றது. எங்கள் கார் அந்தப் பக்கமே வராது என்பதுகூடத் தோன்றாமல் நான் சீட்டிலிருந்து எழும்பிக் கத்திவிட்டேன், தமிழிலா சிங்களத்திலா என்று தெரியாது. பார்த்தால் லொறி ஒன்றுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே எங்கள் கார் நின்றது. முழுசாக நின்றது. பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தது. இவர் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றார். அப்படியே அந்த மண்ணில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது. நான் அவரிடம் போவதற்குள் தேத்தண்ணிக் கடை அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு இவரைக் காட்டிச் சொன்னாள், உன் புருஷனைப் போல ஒரு டிரைவர் கிடையாது தங்கச்சி, மகள் சீக்கிரம் போ சீக்கிரம் போ என்று கத்துகிறாள், இவர் காதிலேயே வாங்கவில்லை, மலை முழுக்க நடக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பத்திரமாக இறக்கினார், வேறொருவன் என்றால் குலுக்கியே பிள்ளையை வெளியே எடுத்திருப்பான்.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. சட்டையைப் பிடித்துக் காருக்கு மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"என்னா தெரியும்?"

"பிரேக் புடிக்காதுன்னு தெரியும்."

அவர் பொய் சொல்லிப் பார்க்கவில்லை. "பூட்டுன அன்னைக்கே தெரியும். ரெண்டு மூணு தரம் மிதிச்சா புடிக்கும். இல்லாட்டி கியர்ல இறக்கிக்குவேன். ஹேண்ட் பிரேக் இருக்கு" என்றார்.

"வந்து நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!"

"நீ எவ்வளவு சந்தோஷமா கொண்டாந்த. லயம் முழுக்கச் சொல்லிட்டு வந்து நிக்கிற. கெட்டதுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா திரும்ப நீதானே போகணும், அந்தச் செக்பாயிண்ட் எல்லாம் தாண்டி? எனக்கு மனசு வரல்ல."

இப்படி ஒரு அன்பை யாரும் யாருக்கும் வைக்க வேண்டாம். நான் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். யார் கேட்டால் என்ன, தமிழில்தானே கத்துகிறோம் என்ற தைரியம் வேறு. சிங்கள ஊரில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது. எங்கள் பாஷை ஒரு சுவர் என்றும், அதற்குப் பின்னால் நின்று எதையும் பேசலாம் என்றும் நினைத்துக்கொள்வோம். காலமெல்லாம் தோட்டத்து ஆட்களுக்குத் தேத்தண்ணி விற்றவளுக்குத் தமிழ் விளங்காமலா இருக்கும்?

அவள் காரைச் சுற்றி வந்து எங்களுக்கு முன்னால் நின்றாள். கண்ணில் இருந்த சந்தோஷம் எல்லாம் போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்து, எங்கள் தமிழிலேயே கேட்டாள்.

"தெரிஞ்சுதானா என் மகளை ஏத்தின?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க சிங்கள ஆளுங்கதானே. உன் வீட்டுப் பிள்ளையா இருந்தா இதுல ஏத்துவியா?"

அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவிசாவளையில் கேட்டதெல்லாம் காதுக்குள் இருந்தது. இவர் அப்படி இல்லை, இவர் அந்த முதலாளியைப் போல இல்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவோ பெருமையாகச் சொல்வது போலச் சொன்னேன்.

"இல்ல அக்கே, சத்தியமா அப்படி இல்ல. எங்க மகளையும் ஒவ்வொரு நாளும் இதுலதான் ஏத்திட்டுப் போறாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் என்னைத் தூக்கக் குனிந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். அவரைத் தொடவும் எனக்குப் பயமாக இருந்தது.

கடை அக்கா இவருக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

அவர் கொடுத்தார். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, என்னைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். மகளுக்கு மாற்றுத் துணி எடுத்துவர அவளும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது; மூன்று பேரும் பெல்மதுளை பஸ்ஸுக்காக நின்றோம். பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.